தந்தையின் இல்லமும் தனயனின் கதையும்
(புதுமைப்பித்தன் வாழ்வை முன்வைத்து ஒரு சிந்தனை)

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் பெரியவர் ஒருவர் நம் தமிழ்த்துறையை நாடி வந்தார். அறந்தாங்கிக்கு அண்மையிலுள்ள சிற்றூரினர். தம் மகனுக்கு வளைகுடா நாடொன்றில் தாய்மாமன் வழியாக வேலைக்கு ஏற்பாடு செய்திருந்தார். மகனோ, தமிழ் முதுகலை படித்த பின்னரே வேறு எதையும் எண்ண முடியும் என்று வீட்டில் கூறிவிட்டான். பெரியவர் கையில் மகனுடைய சிறுகதைப் பாடநூல் இருந்தது. அதில் ஒரு பக்கத்தின் முனையை மடித்து வைத்திருந்தார். பெற்றோரை மீறிச் செல்லும் பிள்ளைகளின் கதைகளையா நீங்கள் கற்பிக்கிறீர்கள் என்பது அவர் வினா. குரலில் சினம் இல்லை; வருத்தமே மிகுந்திருந்தது.

மடித்திருந்த பக்கம் புதுமைப்பித்தனின் ‘புதிய நந்தன்’. தேநீர் தந்தோம், மகனிடம் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னோம். வினாவுக்கு விடை மட்டும் அன்று சொல்லவில்லை. அதற்கு ஒரு வாழ்க்கையையே எடுத்துரைக்க வேண்டியிருந்தது. இம்மலரின் வாயிலாக அதனைச் செய்ய முற்படுகிறோம்.

தாசில்தார் வீட்டுப் பிள்ளை

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன், 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை ஆங்கிலேய அரசின் நில அளவைப் பணியில் இருந்து தாசில்தாராக உயர்ந்தவர். பணி மாற்றம் காரணமாகக் குடும்பம் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என ஊர் ஊராகப் பெயர்ந்தது. அன்னையார் பர்வதத்தம்மாள் மறைந்தபோது சிறுவனுக்கு வயது எட்டு. தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். 1918இல் அவர் ஓய்வு பெற, குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பி வண்ணாரப்பேட்டையில் குடியேறியது.

அக்காலத் தாசில்தார் ஒருவரின் இல்லம் எத்தகையது என்பதை இன்றைய மாணவர்கள் எளிதில் உணர இயலாது. ஊரார் கைகட்டி நிற்கும் அதிகாரம் மாலையில் வீட்டுக்குள்ளும் நுழையும். கச்சேரியில் கேள்வி கேட்பவர் அவரே, வீட்டிலும் அவரே. மனைவி மக்கள் விடை சொல்ல மட்டுமே கடமைப்பட்டவர்கள். அரசு தந்த பதவியால் தலைநிமிர்ந்த ஒருவர், தம் பிள்ளையும் அப்படியொரு நாற்காலியில் அமர வேண்டும் என எண்ணியதில் வியப்பில்லை. தந்தையார் கண்ணுக்கு அது அன்பின் வடிவமே. இதனை நாம் மறந்துவிடலாகாது.

மகனோ பாடநூல்களை விட்டு மற்ற நூல்களையெல்லாம் படித்துக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கதை நூல்கள், துப்பறியும் கதைகள், ஐரோப்பியச் சிறுகதைகள் என்று கைக்குக் கிடைத்தவற்றில் மூழ்கினார். தேர்வுகள் பின்தங்கின. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் இளங்கலைப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அக்காலத்தில் அவ்வயதில் பலர் வேலையில் அமர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருக்கும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்த கமலா அம்மையாருடன் திருமணம் நிகழ்ந்தது. அரசுப் பணிக்கோ வழக்கறிஞர் தொழிலுக்கோ மகன் ஆயத்தமாகவில்லை என்பது தெளிவானபோது வீட்டில் பிணக்கு முற்றியது. அவர் எழுத்தை நம்பிச் சென்னைக்குப் புறப்பட்டார். கையில் வேலையில்லை, பின்னால் வீடும் இல்லை.

அவருடைய நண்பரும் எழுத்தாளருமான தொ. மு. சி. ரகுநாதன் 1951இல் எழுதிய வாழ்க்கை வரலாறு இப்பிணக்கை மறைக்காது சொல்கிறது. மேதையைப் புரிந்துகொள்ளாத தந்தை என்று ஒரு வரியில் முடித்துவிடுவது பின்னாளில் பலருக்கு எளிதாயிற்று. நாமும் வகுப்பில் ஒரு காலத்தில் அவ்வாறே சொல்லிவந்தோம். கதைகளை மீண்டும் மீண்டும் படித்த பின்னரே, மகன் தம் தந்தையை அப்படி ஒரு வரியில் தீர்த்துக் கட்டவில்லை என்பது விளங்கிற்று.

மணிக்கொடியும் ஊழியனும்

1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழ் அவருக்குக் களம் தந்தது. 1934 முதல் அவர் கதைகள் அதில் தொடர்ந்து வெளிவந்தன. இவ்வட்டாரத்தார் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நம் ஊருக்கு அடுத்துள்ள காரைக்குடியின் ‘ஊழியன்’ இதழிலும் அவர் சிறிது காலம் உதவியாசிரியராகப் பணிபுரிந்தார். அதனை நடத்தியவர் தமிழறிஞர் ராய. சொக்கலிங்கம். அப்பணியும் நீடிக்கவில்லை. அடுத்துச் சேர்ந்த ‘தினமணி’யில்தான் பல ஆண்டுகள் நிலைத்தார்.

1943இல் ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் நிருவாகத்துடன் கருத்து வேறுபட்டு விலகியபோது, அவருடன் சேர்ந்து வெளியேறியவர்களுள் புதுமைப்பித்தனும் ஒருவர். குடும்பப் பொறுப்புள்ள ஒருவர் மாதச் சம்பளத்தைத் துறந்து வெளியேறுவது சிறு செயல் அன்று. தந்தையிடமிருந்து விலகி வந்தவர், தந்தைபோல் மதித்த ஆசிரியருக்காக வேலையைவிட்டு விலகினார். இவரை வெறும் கலகக்காரர் என்று சொல்வோர் இந்நிகழ்ச்சியையும் கணக்கில் கொள்ள வேண்டும். பின்னர் சொக்கலிங்கம் தொடங்கிய ‘தினசரி’யில் சேர்ந்து, அதிலிருந்தும் விலகினார்.

அதிகாரம் என்னும் பொருள் அவரைக் கதைகளுக்கு வெளியிலும் விடாது பற்றியிருந்தது. முசோலினியின் வரலாற்றை ‘பேஸிஸ்ட் ஜடாமுனி’ என்றும், ந. ராமரத்னத்துடன் இணைந்து இட்லரின் வரலாற்றைக் ‘கப்சிப் தர்பார்’ என்றும் எழுதினார். தலைப்புகளைப் பாருங்கள். உலகையே நடுங்கவைத்த இருவரில் ஒருவர் நம் ஊர் ஆலமரத்துப் பேயாகிறார். மற்றவர் யாரும் வாய் திறக்கக் கூடாத ஒரு சபைக்குத் தலைவராகிறார். கப்சிப் என்று அமர்ந்திருக்க வேண்டிய வீட்டில் வளர்ந்த பிள்ளையால்தான் அப்படியொரு தலைப்பை வைக்க முடியும் என்று நமக்குத் தோன்றுகிறது.

கதைகளில் மீறல்

இனி அப்பெரியவர் மடித்து வைத்திருந்த கதைக்கு வருவோம். ‘புதிய நந்தன்’ நந்தனார் வாழ்ந்த ஆதனூரை நம் காலத்திற்குக் கொண்டுவரும் கதை. சேரிக் கிழவன் கருப்பன் கண்பார்வை இழந்தவன். அவன் மகன் பாவாடை பாதிரியாரிடம் படித்துக் கிறித்துவனாகிறான். அங்கும் சாதி குறுக்கிடவே விலகிச் சுயமரியாதை இயக்கத்தவனாகிறான். அதே ஊரின் வைதிகப் பார்ப்பனர் ஒருவரின் மகன் இராமநாதன், காந்தியடிகள் வழிநின்று சிறை சென்று மீள்கிறான். இரண்டு இளைஞர்களும் தத்தம் தந்தையின் உலகை உதறியவர்கள். வழிகள் மட்டும் வேறு. பெரியவர் இதுவரையில் படித்துவிட்டுத்தான் நம்மிடம் வந்திருந்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. இருப்புப்பாதையில் தட்டுத் தடுமாறும் கருப்பனை நோக்கி ரயில் வருகிறது. அவனைக் காப்பாற்ற ஒரு பக்கத்திலிருந்து மகனும், மறுபக்கத்திலிருந்து இராமநாதனும் ஓடுகிறார்கள். மூவருமே மாண்டுபோகின்றனர். பழமையை எதிர்த்த இரு இளைஞர்களும் இறுதியில் உயிரைக் கொடுத்தது கண் தெரியாத ஒரு கிழவனை மீட்கத்தான். இம்முடிவு சற்று நாடகத்தன்மை உடையது என்று கருதுவோர் உளர்; நமக்கும் அக்கருத்து உண்டு. ஆயினும், இளைஞன் ஒருவன் தன் தந்தையின் கொள்கையை விட்டு விலகுவதும் தந்தையையே விட்டு விலகுவதும் ஒன்றல்ல என்பதை இருபத்தெட்டு வயதில், தம் வீட்டில் பிணக்கு ஆறாதிருந்த காலத்தில், எழுதிக் காட்டியிருக்கிறார் என்பது எண்ணத்தக்கது.

இன்னும் வியப்பூட்டுவது ‘மனித யந்திரம்’. மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாழ்நாள் முழுதும் கடைக் கணக்கெழுதித் தேய்ந்த குமாஸ்தா. முதலாளி இல்லாத ஓர் இரவில், பெட்டியிலுள்ள பணத்தை எடுத்துக்கொண்டு தூத்துக்குடி வழியே கொழும்புக்கு ஓடிவிட வேண்டும் என்ற வெறி அவருக்கு உண்டாகிறது. பணத்தை மடியில் கட்டுகிறார். ரயில் நிலையத்துக்கு நடக்கிறார். வண்டியிலும் ஏறி அமர்கிறார். புறப்படும் தருவாயில் இறங்கித் திரும்பி வந்து பணத்தை இருந்த இடத்தில் வைத்து, தமக்கான ஒரு சிறு தொகையைப் பற்று எழுதிவிட்டுக் கடையைப் பூட்டுகிறார். நடந்தது அவ்வளவே. மறுநாள் காலையில் அவர் மீண்டும் கணக்கெழுதுவார்.

இதனைப் பாடம் சொல்லும்போது மாணவர்கள் முதலில் சிரிப்பர். பிள்ளை ரயிலிலிருந்து இறங்கும்போது சிரிப்பு நின்றுவிடும். மீறல் என்பது இளமைக்கே உரியது என்று நாம் கருதுகிறோம். முதியவர் நெஞ்சிலும் அது அடங்கிக் கிடப்பதை முப்பது வயதை ஒட்டிய ஓர் எழுத்தாளர் கண்டுகொண்டார். அவர் தந்தையாரும் ஒரு வகையில் கணக்கெழுதிய அரசு ஊழியரே. நிலத்தை அளந்து, பதிந்து, மேலதிகாரிக்குப் பணிந்து, இறுதியில் ஓய்வூதியம் பெற்றவர். அவருக்குள்ளும் ஒரு கொழும்பு இருந்திருக்குமோ என மகன் எண்ணிப் பார்த்திருக்கலாம். இது நம் ஊகமே. கதையில் அதற்குச் சான்று தேட வேண்டியதில்லை.

1943இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ இவையெல்லாவற்றினும் துணிந்தது. இராமனின் பாதத்துகள் பட்டுப் பெண்ணான அகலிகை, அவனைத் தன்னை மீட்ட அறத்தின் வடிவமாகவே கொண்டாடுகிறாள். பின்னர் சீதை வந்து, தான் தீக்குளிக்க நேர்ந்ததைச் சொல்கிறாள். தனக்கு ஒரு நீதி, சீதைக்கு வேறு நீதியா என்று அகலிகையின் உள்ளம் உடைகிறது. அவள் மீண்டும் கல்லாகிறாள். அவள் அரசனை எதிர்த்து உரத்துப் பேசவில்லை. அவன் தந்த வாழ்வை ஏற்க மறுத்துவிட்டாள். அதிகாரத்தைப் பெரிதும் நம்பியவரே அதனால் பெரிதும் புண்படுகிறார் என்பதை இக்கதையைப்போல் உணர்த்திய கதை தமிழில் வேறொன்று உண்டா என ஐயுறுகிறோம்.

சீர்திருத்தக்காரர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பாரதியார் முடிக்காது விட்ட ‘சந்திரிகையின் கதை’யில் டெபுடி கலெக்டர் கோபாலய்யங்கார், வேலைக்காரியான மீனாட்சியை மணக்கிறார். அத்திருமணத்திற்குப் பிறகு அவ்வீட்டின் அடுக்களையில் நடப்பதென்ன என்பதைக் ‘கோபாலய்யங்காரின் மனைவி’யில் எழுதி நகையாடினார். மீறலைப் போற்றிக் கைதட்டுவோர் திருமணப் பந்தலோடு திரும்பிவிடுகின்றனர். அதன்பின் வாழ வேண்டியவர்களைப் பற்றி எழுதுபவர் சிலரே.

குறையும் சொல்லியாக வேண்டும். பிறமொழிக் கதைகளைத் தழுவி எழுதுவோரை வன்மையாகச் சாடிய அவரே மாப்பசான் கதைகள் சிலவற்றைத் தழுவி எழுதியிருக்கிறார் என்பதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். அதிகாரத்தைக் கேள்வி கேட்டவர் கேள்விக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிட மாட்டார்.

வடபுலத்தில் ஒரு துணை

அவரைத் தனியே நிறுத்திப் பார்ப்பதினும், அதே காலத்தில் அமிர்தசரசில் வளர்ந்த உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோவின் அருகில் நிறுத்திப் பார்த்தால் சில உண்மைகள் துலங்கும். ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாகத் தெரியவில்லை. ஆயினும் ஒற்றுமைகள் திகைக்க வைக்கின்றன. 1912இல் பிறந்த மண்டோவின் தந்தை குலாம் ஹசனும் ஆங்கிலேய அரசின் ஊழியர், நீதித்துறையில் பணியாற்றியவர், கண்டிப்பு மிக்கவர். மூத்த தாயின் பிள்ளைகள் கல்வியில் உயர்ந்து வழக்கறிஞர்களாக, இவர் பள்ளி இறுதித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோற்றார். பின்னாளில் உருது மொழியின் பெரும் எழுத்தாளரான அவர் அன்று தோற்ற பாடங்களுள் உருதும் ஒன்று என்பதை ஆசிரியர்களாகிய நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வது நன்று. அவரும் ஐரோப்பிய நூல்களை மொழிபெயர்த்தே எழுதத் தொடங்கினார். அவரும் பத்திரிகையில் உழைத்தார், திரைப்படத்தில் உழன்றார், நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

மண்டோவின் முதற்கதையான ‘தமாஷா’ ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நிழலில் எழுந்தது. வீட்டினுள் அடைபட்ட சிறுவன் காலித் சன்னல் வழியே பார்க்கிறான். காலில் குருதி ஒழுக ஒரு பையன் தெருவில் விழுகிறான். ஆசிரியர்தான் அவனை இப்படி அடித்துவிட்டார் என்று எண்ணுகிறது பிள்ளை மனம். அவன் அறிந்த அதிகாரம் அவ்வளவே: வீட்டில் தந்தை, பள்ளியில் ஆசிரியர். அரசு என்ற ஒன்று சுடும் என்பது அவனுக்குத் தெரியாது. தந்தையும் சொல்லவில்லை, சொல்லும் துணிவு அவருக்கு இல்லை.

இதனுடன் புதுமைப்பித்தனின் ‘மகாமசான’த்தை வைத்துப் படித்துப் பாருங்கள். சென்னை மவுண்ட் ரோட்டின் நடைபாதையில் முதிய முஸ்லிம் பிச்சைக்காரர் ஒருவர் இறந்துகொண்டிருக்கிறார். நகரம் அவரைத் தாண்டிச் செல்கிறது. மாம்பழம் வாங்கப் போன தந்தை நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கும் ஒரு சிறு பெண்குழந்தை மட்டும் அவரைப் பார்க்கிறது. சாவு என்பதை அது அறியாது. அச்சமோ அருவருப்போ இன்றி அருகில் நிற்கிறது. திரும்பி வந்த தந்தை அதனை அங்கிருந்து அழைத்துச் செல்கிறார். இரண்டு கதைகளிலும் தந்தையர் கொடியவர்கள் அல்லர். பிள்ளைகள் பார்த்துவிட்டதை அவர்கள் பார்க்க விரும்பவில்லை, வேறுபாடு அதுவே.

ஒன்று மட்டும் இருவரையும் பிரிக்கிறது. மண்டோவின் மாந்தர் அதிகாரத்தின்மீது நேரே மோதுவர். ‘நயா கானூன்’ கதையில் குதிரைவண்டிக்காரன் மங்கு, ஏப்ரல் முதல் நாளன்று புதிய சட்டம் வந்துவிட்டது என நம்பி வெள்ளைச் சிப்பாயை அடித்துத் துவைக்கிறான். சட்டம் பழையதே என்பதைச் சிறையில் அறிகிறான். மண்டோவும் தம் கதைகளுக்காக ஆறு முறை வழக்குமன்றம் ஏறினார். மூன்று முறை வெள்ளையர் ஆட்சியில், மூன்று முறை விடுதலைக்குப் பின் பாகிஸ்தானில். புதுமைப்பித்தனின் மாந்தரோ மோதுவதில்லை. ரயிலிலிருந்து இறங்கிவிடுவர், அல்லது கல்லாகிவிடுவர். மங்குவின் அடி பெரிதா, அகலிகையின் மௌனம் பெரிதா என மாணவர்கள் வாதிடுவதுண்டு. நம் சாய்வு அகலிகையின் பக்கம். அடித்தவனைச் சிறையில் அடைக்கலாம். கல்லானவளை எந்த அதிகாரத்தாலும் எதுவும் செய்ய இயலாது.

இறுதி ஆண்டுகள்

1940களின் பிற்பாதியில் திரைப்படம் அவரை ஈர்த்தது. உரையாடல்கள் எழுதினார். பர்வதகுமாரி என்னும் பெயரில் நிறுவனம் அமைத்து ‘வசந்தவல்லி’ என்றொரு படம் எடுக்க முயன்று பொருளிழந்தார். எட்டு வயதில் இழந்த அன்னையின் பெயர் அந்நிறுவனத்தின் பெயரில் ஒலிப்பதைக் கவனியாது கடக்க முடியவில்லை. 1946இல் மகள் தினகரி பிறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்திற்கு எழுதப் புனே சென்றார். அங்கே காசநோய் முற்றியது.

பிரிந்திருந்த காலங்களில் கமலா அம்மையாருக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாயின. கதைகளில் எவரையும் எள்ளி நகையாடிய அவர், கடிதங்களில் முற்றிலும் வேறொருவர். பணம் அனுப்ப இயலாத தவிப்பும் குடும்பத்தைப் பற்றிய ஏக்கமும் அவற்றில் நிறைந்துள்ளன. மகனுக்கு நிலையான வேலை வேண்டும் என்று வற்புறுத்திய தாசில்தார் அஞ்சியது இதற்குத்தானே என்று படிப்பவர் நெஞ்சில் ஒரு கணம் தோன்றத்தான் செய்யும். தந்தையின் அச்சம் பொய்யாகவில்லை. மகன் தேர்ந்த வழியும் பொய்யாகவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதுதான் கடினமாக இருக்கிறது.

நோயுற்ற உடலுடன் கமலா அம்மையார் இருந்த திருவனந்தபுரத்திற்கு வந்து சேர்ந்த அவர் 1948 ஜூன் 30ஆம் நாள் மறைந்தார். ‘ராஜமுக்தி’ அதன் பின்னரே திரைக்கு வந்தது. அவர் எழுதிய கதைகள் ஏறத்தாழ நூறு. 2002இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. அரசுப் பதவியை விரும்பாத மகனின் எழுத்தை அரசே ஏற்றுக்கொண்டது.

‘ஒரு நாள் கழிந்தது’ என்றொரு கதை உண்டு. முருகதாசர் என்னும் ஏழை எழுத்தாளர் அதில் வருகிறார். கடன் வாங்கிக் காலந்தள்ளும் அவருடைய சிறு மகள் அலமு அவர் சொல்லுக்கு அடங்குவதே இல்லை. எதிர்ப்பேச்சு பேசுகிறாள், தன் விருப்பப்படி திரிகிறாள். தந்தை அதட்டிப் பார்த்துத் தோற்கிறார். அத்தோல்வியில் அவருக்கு மகிழ்ச்சியே. கப்சிப் வீட்டில் வளர்ந்தவர் தம் கற்பனையில் கட்டிய வீடு அது. மெய்யான வீட்டில், அவர் மறைந்தபோது தினகரிக்கு இரண்டு வயது. எதிர்ப்பேச்சு பேசும் பருவத்தை மகள் அடைவதை அவர் காணவில்லை.

அறந்தாங்கிப் பெரியவர் அதன்பின் ஒரு முறை வந்தார். மகன் முதுகலையில் சேர்ந்துவிட்டிருந்தான். ‘புதிய நந்த’னின் கடைசிப் பக்கங்களைப் படித்துவிட்டதாக மட்டும் சொன்னார். நாமும் அதற்குமேல் கேட்கவில்லை.